இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எங்கள் கடை வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். மன்னார்குடிப் பக்கம் நான் நடத்துவது ஜெராக்ஸும் இன்டர்நெட்டும் சேர்ந்த சின்னக் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, 183 வருது, கிண்டி கிடைக்குமா?"

முன்பெல்லாம் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிடுவேன். 2025-இல் என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். முந்தைய வருடத்துக் கட் ஆஃபை, அதாவது அந்தக் காலேஜில் கடைசியாக இடம் வாங்கியவரின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "உனக்கு அந்தக் காலேஜ் நிச்சயம்மா, ஒன்பது சாய்ஸ் போட்டாலே போதும்" என்றேன். கவுன்சிலிங்கின் முதல் சுற்றில் ஒன்பதில் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த சுற்றுக்குள் நடுத்தரமான இடங்களும் கரைந்துவிட்டன. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்காக, கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எந்த வாசல் என்று பாருங்கள்

ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி வாசல். ஒரு வாசலுக்கான எண்ணை வைத்து இன்னொரு வாசலில் கேட்டால் பதில் வராது.

அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அதோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்து டி.என்.இ.ஏ. என்ற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சிலிங் நடக்கும். திருச்சி என்.ஐ.டி., காரைக்கால் என்.ஐ.டி., தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் ஆகியவற்றில் பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வை எழுதி, இத்தகைய மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஜோசா கவுன்சிலிங் வழியாகப் போக வேண்டும். ஐ.ஐ.டி.க்கு அதற்கு மேல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டும் வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நீட். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. வேளாண்மை படிக்க பிளஸ் டூ மார்க்கே போதும், ஆனால் அதன் விண்ணப்பமும் தரவரிசையும் தனி.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். திருக்குவளையிலும் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்திலும் இருப்பவை அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். "அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்குமா" என்று கேட்கிறவர் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது கிண்டி வளாகத்தையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும். இரண்டு வகைக்கும் கட் ஆஃபில் பெரிய இடைவெளி உண்டு. பட்டியலில் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது உங்கள் எண்

உங்கள் மார்க்கிலிருந்து தரவரிசைக்காகக் கணக்கிடும் எண்ணையும் கட் ஆஃப் என்றுதான் சொல்வார்கள். பொறியியலில் அது 200-க்கு. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணக்கில் 94, இயற்பியலில் 91, வேதியியலில் 88 என்றால் 94 + 45.5 + 44, ஆக மொத்தம் 183.5. பதினோராம் வகுப்பு மார்க் இதில் வராது.

இந்த எண்ணோடு நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். அக்கா மகள் விஷயத்தில் நானும் அங்கேதான் நின்றேன். 2024-இல் மாநிலப் பாடத்திட்டத்தில் வேதியியலில் சென்டம் எடுத்தவர்கள் 471 பேர். 2025-இல் அதே பாடத்தில் 3,181 பேர். 200-க்கு 200 கட் ஆஃப் வைத்திருந்தவர்கள் 2024-இல் 65, 2025-இல் 144. மார்க் எல்லோருக்கும் சேர்ந்து ஏறும்போது, போன வருடம் ஒரு கல்லூரியை வாங்கிக் கொடுத்த அதே 190 இந்த வருடம் சில ஆயிரம் பேருக்குப் பின்னால் போய் நிற்கும்.

நீட்டில் இது எதிர்த்திசையில் நடந்தது. 2024-இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720. 2025-இல் வினாத்தாள் கடினம், இந்தியாவிலேயே அதிக மார்க் 686 தான். 2024-இன் கட் ஆஃப் மார்க்கைப் பார்த்துவிட்டு 2025-இல் மனமுடைந்து போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர்களில் சிலருக்கு இடம் இருந்தது.

அதனால் மார்க்கை மறந்துவிட்டுத் தரவரிசையைப் பிடியுங்கள். கல்லூரியில் இருக்கும் இடங்கள் வருடத்துக்கு வருடம் அவ்வளவாக மாறுவதில்லை. 5,000-ஆவது ஆள் என்றால் போன வருடமும் 5,000-ஆவது ஆள்தான். மார்க் அப்படி இல்லை. தரவரிசைப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். அதற்கு முன்னால் யார் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும், அது ஆரூடம்தான்.

ஒரே கட் ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணக்கு மார்க் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். இப்படியே இறங்கிப் பிறந்த தேதி வரை போகும். அதுவும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண். அந்தப் பத்து இலக்க எண் வெளியான அன்று ராசியான எண்ணா என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

பெர்சன்டைல் என்ற குழப்பம்

ஜே.இ.இ. மெயின் ரிசல்ட்டில் 95 என்று பார்த்ததும் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள். அது நூற்றுக்கு 95 மார்க் இல்லை. தேர்வு எழுதியவர்களில் 95 சதவீதம் பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே 5 சதவீதம் பேர் இருக்கிறார்கள். 2024-இல் இரண்டு அமர்வுகளும் சேர்த்து எழுதியவர்கள் சுமார் 14 லட்சம். அதில் 5 சதவீதம் என்றால் 70,000. ஆக 95 பெர்சன்டைல் என்பது ஏறக்குறைய எழுபதாயிரமாவது இடம். 98 என்றால் 28,000, 99 என்றால் 14,000. நூறிலிருந்து உங்கள் பெர்சன்டைலைக் கழித்து, எழுதியவர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுத்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, தரவரிசை நன்றாக இருந்தாலும் என்.ஐ.டி., ஐ.ஐ.டி.களுக்கு பிளஸ் டூவில் மொத்தம் 75 சதவீதம் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65 சதவீதம். தமிழையும் ஆங்கிலத்தையும் கைவிட்டுவிட்டுக் கோச்சிங்கே கதி என்று கிடக்கும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்த கதை நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவரைப் போலக் கணக்குப் பைத்தியமாக ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தையும் பார்த்து வையுங்கள். அவர்கள் தாங்களே ஒரு நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அதற்கு ஜே.இ.இ. கோச்சிங் தேவையில்லை.

கடைமடை எங்கே முடிந்தது?

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்ததும் நம் ஆட்கள் அணையில் எத்தனை அடி என்பதோடு நிறுத்த மாட்டார்கள். கல்லணை தாண்டியதா, நம் வாய்க்காலுக்கு வந்ததா, கடைமடையைத் தொட்டதா என்றுதான் கேட்பார்கள். கல்லூரியையும் அப்படியே கேளுங்கள். போன வருடம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் இனத்தில் கடைசியாக இடம் வாங்கியவரின் தரவரிசை என்ன? அதுதான் அந்தக் கல்லூரியின் கடைமடை. டி.என்.இ.ஏ. இணையதளத்தில் பழைய வருடங்களின் விவரம் கல்லூரி வாரியாக, இனவாரியாக இருக்கிறது. ஜோசா தளத்தில் தொடக்க ரேங்க், முடிவு ரேங்க் என்று இருக்கும். பார்க்க வேண்டியது முடிவு ரேங்க், அதிலும் கடைசிச் சுற்றினுடையது.

அந்தப் பட்டியலில் எந்த இனத்துக்கான கட்டத்தில் பார்ப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதில் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மீதி 31 பொதுப்போட்டி. அந்த 31 எல்லோருக்கும் பொது. தரவரிசை இடம் கொடுத்தால் எம்.பி.சி. மாணவரும் அதில் வரலாம். எனவே இரண்டு கட்டங்களையும் பாருங்கள். ஓ.சி. எனப்படும் பொதுப்போட்டிக் கட்டத்தில் உங்கள் பொதுத் தரவரிசைக்கு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உங்கள் இனக் கட்டத்தில் இருக்கிறதா என்று.

சிறிய ஒதுக்கீடுகளில் போன வருட எண்ணை நம்பவே முடியாது. 60 இடம் உள்ள பிரிவில் 3.5 சதவீதம் என்பது இரண்டு இடம், 1 சதவீதம் என்பது ஒன்று அல்லது பூஜ்யம். அந்த ஒரு இடத்தை யார் எடுத்தார் என்பதைப் பொறுத்துக் கடைசி ரேங்க் பல ஆயிரம் தள்ளிப் போகும். அப்படிப்பட்ட கட்டங்களில் உங்கள் ரேங்க் வெளியே இருந்தாலும் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி. மருத்துவத்தில் 2020-இலும் பொறியியலில் 2021-இலும் வந்தது. இதன் தரவரிசையும் தனி, கடைசி ரேங்கும் தனி. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூரில் நூறு வருடம் தாண்டிய பழைய பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள்தான். "இலவச புஸ்தகம், இலவச சைக்கிள் எல்லாம் கொடுத்தாங்களே சார்" என்பார்கள். கொடுத்திருப்பார்கள். ஆனாலும் அது இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி இல்லை.

என்.ஐ.டி.யில் பாதி இடம் அந்த மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. திருச்சியில் அந்தப் பாதியின் கடைசி ரேங்க் வெளிமாநிலத்தாருக்கு உள்ளதைவிடத் தளர்வாக இருக்கும். நமக்கு அது பெரிய லாபம். இங்கே ஒரு வேடிக்கை. சொந்த மாநிலம் என்பது வீடு எங்கே என்பதைப் பொறுத்ததில்லை, பிளஸ் டூ எங்கே முடித்தோம் என்பதைப் பொறுத்தது. நாகூரில் வீடு, காரைக்காலில் பள்ளி என்றால் அந்தப் பிள்ளை புதுச்சேரிக் கணக்கு. காரைக்கால் என்.ஐ.டி.யில் உள்ளூர், திருச்சியில் வெளியூர். ஐ.ஐ.டி.களில் இந்த மாநிலப் பாகுபாடே கிடையாது.

மருத்துவத்தில் 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு, 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. இரண்டுக்கும் வேறு வேறு தரவரிசை. நீட் முடிவில் வரும் அகில இந்திய ரேங்கை மாநிலக் கட் ஆஃபோடு ஒப்பிடாதீர்கள். மாநிலப் பட்டியல் வந்ததும் அதில் உங்கள் எண்ணைத் தேடுங்கள். "நீட் பாஸ் ஆயிட்டான்" என்பதற்கும் அரசுக் கல்லூரியில் இடம் என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

சான்றிதழ் மாறினால் கணக்கும் மாறும்

மத்திய அரசுக் கல்லூரிகளில் பி.சி., எம்.பி.சி. என்று இல்லை. ஓ.பி.சி. மட்டும்தான். மாநிலச் சாதிச் சான்றிதழைக் காட்டினால் எடுக்க மாட்டார்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். விவசாய வருமானத்தை அதில் சேர்ப்பதில்லை, ஆனால் பாசன நிலத்தின் அளவுக்குத் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் ஓ.பி.சி. கட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் அது காற்றில் கட்டிய கோட்டை. கடைசியில் பொதுப் பட்டியலில் தள்ளிவிடுவார்கள். ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் தாலுகா அலுவலகத்தில் ஊரே நிற்கும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடலாம். அவை இடத்தைத் தீர்மானிக்காது, ஆனால் கட்டணத்தைத் தீர்மானிக்கும்.

மூன்று குவியல்

மூன்று வருடத்துக் கடைசி ரேங்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வருடம் போதாது. மேட்டூரில் ஒரு வருடம் நிறைந்ததை வைத்து அடுத்த வருடக் குறுவைக்கு யாரும் கடன் வாங்குவதில்லை அல்லவா?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கல்லூரியின் ஒரு பிரிவில் மூன்று வருடக் கடைசி ரேங்க் 9,200, 8,400, 10,100 என்று வைத்துக்கொள்வோம். மிகவும் இறுக்கமாக இருந்தது 8,400 வருடம். அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 6,720. உங்கள் ரேங்க் 6,500 என்றால் அந்த இடத்தைக் கைவிடாத குவியலில் போடுங்கள். 9,000 என்றால் சில வருடம் கிடைத்திருக்கும், சில வருடம் கிடைத்திருக்காது. அது கைக்கெட்டும் குவியல். 13,000 என்றால் ஆசைக் குவியல். ஐந்தில் ஒரு பங்கு என்பது சட்டமில்லை, என் கடை அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட அளவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் போல எல்லோரும் மொய்க்கும் பிரிவுக்கு நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே கழிப்பேன்.

பணத்தையும் இங்கேயே பாருங்கள். சேர முடியாத கட்டணமுள்ள கல்லூரி எவ்வளவு எளிதில் கிடைத்தாலும் அது கைவிடாத குவியலில் வராது. செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி மாதிரி வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒன்றிரண்டையாவது அந்தக் குவியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது. ஹார்வர்டு மாதிரி இடங்களில் விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இடம். அங்கே மார்க்கோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பார்க்கிறார்கள். கடைசி ரேங்க் என்று ஒன்றே இல்லை. எவ்வளவு நல்ல மாணவராக இருந்தாலும் அதை ஆசைக் குவியலிலேயே வையுங்கள்.

சாய்ஸ் போடும் வரிசை

"முதல் சாய்ஸிலேயே கிண்டியைப் போட்டா கிடைக்காம சாய்ஸ் வேஸ்ட் ஆயிடும் சார்." இதை வாரத்துக்கு நான்கு பேராவது சொல்வார்கள். அப்படி எதுவும் வீணாவதில்லை. கம்ப்யூட்டர் உங்கள் முறை வரும்போது பட்டியலின் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். முதல் சாய்ஸ் காலியில்லை என்றால் இரண்டாவது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. மேலே கிடைக்காததைப் போட்டதற்காகக் கீழே உள்ளது உங்களை விட்டுப் போகாது. அதனால் ஆசைக் குவியல் மேலே, கைக்கெட்டும் குவியல் நடுவில், கைவிடாதது கீழே.

பயத்தில் தலைகீழாகப் போடுவதுதான் ஆபத்து. கைவிடாததை மேலே வைத்தால் அதுவே கிடைத்துவிடும், அதற்குக் கீழே உள்ள நல்ல கல்லூரி காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அங்கே போகாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம் என்பதால், என் அக்கா மகள் மாதிரி ஒன்பதோடு நிறுத்தாதீர்கள். ஐம்பது, அறுபது போட்டாலும் அதிகமில்லை. ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டேன் என்ற கல்லூரியை எண்ணிக்கைக்காகப் போடாதீர்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு பதில் சொல்ல இரண்டு நாள்தான் கொடுப்பார்கள். ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், வேண்டாம் ஆனால் மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன் என்றெல்லாம் கேட்கும். கையில் வந்த கல்லூரி ஓரளவு பிடித்திருந்தால் இரண்டாவதை அழுத்துங்கள். மூன்றாவதை அழுத்தினால் கையில் இருப்பதும் போய்விடும், மேலே உள்ளது கிடைத்தால்தான் உண்டு. எதையுமே அழுத்தாமல் விட்டால் இடம் ரத்து. அழுத்திய பிறகு பணம் கட்டுவதற்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. அதைத் தவறவிட்டாலும் இதே கதிதான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். விண்ணப்பத்தில் கொடுக்கும் போன் நம்பர் பிள்ளையின் கையில் இருக்கும் போனாக இருக்கட்டும். கவுன்சிலிங் நடக்கும் நாட்களில் நம் பக்கம் குறுவை வேலை. ஓ.டி.பி. அப்பாவின் போனுக்கு வரும், அப்பா வயலில் இருப்பார், போன் வரப்பில் சட்டைப் பையில் கிடக்கும். போன வருடம் ஒரு பையன் அந்த ஆறு இலக்க எண்ணுக்காகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் எண் காலாவதியாகி, மறுபடி கேட்க வேண்டியதாகிவிட்டது. மணி அப்போது மாலை நாலே முக்கால். ஐந்துக்கு மூடுகிறார்கள்.